சாந்தோம்: மாதா கோயிலும் மாடிச் சபையும்

மயிலாப்பூர் என்றால் வெளியூர்க்காரர்களுக்குக் கபாலி கோயில், தெப்பக்குளம், மாட வீதியில் கொலு பொம்மை, சுடச்சுட டிபன். இவ்வளவுதான்! கோயிலுக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் அப்படியே பஸ் ஏறிப் போய்விடுகிறார்கள். அடுத்த தடவை வரும்போது ஒரு காரியம் செய்யுங்கள். தரிசனம் முடிந்ததும் கச்சேரி ரோடைப் பிடித்துக் கிழக்கே நடங்கள். இருபது நிமிஷ நடைதான். நாட்டு மருந்துக் கடை, பாத்திரக் கடை, மசூதி எல்லாம் தாண்டியதும் கடல் காற்று முகத்தில் அடிக்கும். நிமிர்ந்து பார்த்தால் வெள்ளை வெளேரென்று 155 அடி உயரக் கோபுரம். அதுதான் சாந்தோம் பெரிய கோயில்.

சர்ச் என்று சொல்லாமல் கோயில் என்று ஏன் எழுதினேன் தெரியுமா? அந்தப் பக்கத்துக் கத்தோலிக்கர்கள் அப்படித்தான் சொல்வார்கள். “கோயிலுக்குப் போய்ட்டு வர்றேன்” என்று மயிலாப்பூரில் ஒரு பெண் சொன்னால், எந்தக் கோயில் என்று மறுபடி கேட்டால்தான் தெரியும்.

இயேசுவின் பன்னிரண்டு சீடர்களில் ஒருவரான தோமையார் கி.பி. 52-ல் கேரளக் கரைக்கு வந்தார், பிறகு இந்தப் பக்கம் வந்து கி.பி. 72-ல் கொல்லப்பட்டார், இங்கேதான் அடக்கம் செய்தார்கள் என்பது அவர்கள் நம்பிக்கை. சரித்திரக்காரர்கள் இதில் ஒரே குரலில் பேசுவதில்லை. ஆனால் பதின்மூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் வந்த மார்கோ போலோ, இந்தக் கல்லறைக்குக் கிறிஸ்துவர்களும் முஸ்லிம்களும் யாத்திரை வருவதாகவும், இங்குள்ள செம்மண்ணை எடுத்துப்போய்க் காய்ச்சல்காரர்களுக்குக் கரைத்துக் கொடுப்பதாகவும் எழுதி வைத்திருக்கிறார். உடம்பு சரியாக வேண்டும் என்றுதான் அன்றைக்கும் ஜனங்கள் இங்கே வந்திருக்கிறார்கள். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

பிறகு போர்த்துகீசியர் வந்தார்கள். லஸ் முனையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கும் பிரகாச மாதா கோயில் 1516-ல் கட்டியது என்று அங்குள்ள கல்வெட்டு சொல்கிறது. அப்போது சுற்றிலும் காடாம். அதனால் இன்றும் அதற்குக் காட்டுக் கோயில் என்று பெயர். 1523 வாக்கில் தோமையார் கல்லறைமேல் ஒரு கோயில் எழுப்பினார்கள். 1545-ல் சவேரியார் வந்து நான்கு மாதம் போல இங்கே தங்கி ஜெபம் செய்தார். 1606-ல் மயிலாப்பூர் தனி மறைமாவட்டம் ஆயிற்று. நாம் இப்போது பார்க்கிற கட்டடம் 1896-ல் திறந்தது.

இதில் நமக்கு மனசு சங்கடப்படுகிற சமாசாரம் ஒன்றும் உண்டு. கபாலி கோயில் அந்தக் காலத்தில் கடலோரத்தில்தான் இருந்தது, அது போர்த்துகீசியர் நாளில் அழிந்துபோய், இப்போது இருக்குமிடத்தில் சுமார் 300 வருஷங்களுக்கு முன் புதிதாகக் கட்டினார்கள் என்று சொல்கிறார்கள். பழைய கோயிலின் கல்வெட்டுத் துண்டுகள் சாந்தோம் கோயில் வளாகத்திலேயே கிடைத்திருக்கின்றன. அதை மறைத்துச் சொல்வதில் பிரயோஜனம் இல்லை. ஆனால் அதை வைத்துக்கொண்டு இன்றைக்குக் கச்சேரி ரோடில் யாரும் சண்டை போடுவதில்லை, மீன் விலைக்குத்தான் சண்டை.

ஐந்நூறு வருஷம் என்பது சின்னக் காலமா? அதற்குள் வந்த மதமும் இந்த மண்ணின் வாசனையைப் பூசிக்கொண்டுவிட்டது. ஜூலை 3 தோமையார் திருநாள். அதற்கு முன்னால் கொடியேற்றம் உண்டு. தேர் பவனி உண்டு. மெழுகுவத்தியோடு மல்லிகைச் சரமும் சாத்துவார்கள். மொட்டை போடுகிறார்கள், குழந்தைக்குக் காது குத்துகிறார்கள். கத்தோலிக்கப் பெண்கள் பொட்டு வைப்பார்கள், பூ வைப்பார்கள். தாலியில் சிலுவையோ புறாவோ இருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். பெசன்ட் நகரில் 1972-ல் கட்டிய வேளாங்கண்ணி மாதா கோயிலுக்கு ஆகஸ்ட் 29 கொடியேற்றம், செப்டம்பர் 8 திருநாள். அந்தப் பத்து நாளும் காவிச் சேலை கட்டிக்கொண்டு வெறுங்காலோடு நடந்து போகிற கூட்டத்தில் யார் ஹிந்து, யார் கிறிஸ்து என்று கண்டுபிடித்துச் சொல்லுங்கள் பார்க்கலாம்! எங்கள் தெருவிலிருந்தே வருஷாவருஷம் நான்கைந்து மாமிகள் போகிறார்கள்.

கன்னியாஸ்திரீகளின் பள்ளிக்கூடங்களைப் பற்றி நான் சொல்லித்தான் தெரியவேண்டுமென்பதில்லை. ரோசரி, செயின்ட் ரபேல்ஸ் என்று மயிலாப்பூர்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகப் பெண்களை அனுப்பியிருக்கின்றன. ஸ்டெல்லா மாரிஸ் கல்லூரிகூட 1947 ஆகஸ்டில், சுதந்திரம் வந்த அதே நாளில், சாந்தோமில்தான் ஆரம்பித்தது. கதீட்ரல் ரோடுக்குப் போனது பிற்பாடு. அங்கே படித்த பெண்கள் ஆயிரக்கணக்கில். மதம் மாறினவர்கள் விரல் விட்டு எண்ணக்கூடியவர்களாகத்தான் இருப்பார்கள். ஆனால் நேரத்துக்கு வருவது, நாலு பேர் முன் நிமிர்ந்து பேசுவது, தன் சம்பாத்தியத்தில் நிற்பது, இதெல்லாம் வீட்டுக்குள் நுழைந்துவிட்டது. அதுவும் ஒரு மாற்றம்தானே?

கோயிலுக்குள்ளேயும் மாற்றம் வராமல் இல்லை. 1962 முதல் 1965 வரை ரோமில் நடந்த வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு பூசை லத்தீனிலிருந்து தமிழுக்கு வந்தது. டூமிங் குப்பம் பக்கத்தில் எழுபத்தைந்து வயசுக்கு மேலான ஒரு ஆயா எனக்குப் பழக்கம். “அப்ப சாமியாரு நமக்கு முதுகைக் காட்டிக்கினு பூசை வெப்பாரும்மா. இன்னா சொல்றாருன்னே தெரியாது. நாங்க பாட்டுக்கு ஜெபமாலை உருட்டிக்கினு இருப்போம்” என்று சிரிப்பார். அவர் வாயில் இன்றைக்கும் ‘சேசு’தான், ‘இயேசு’ வராது. சர்வேசுரன், சூசையப்பர், சம்மனசு என்று அந்தப் பழைய கத்தோலிக்கத் தமிழைக் கேட்கவே நான் அவர் திண்ணையில் உட்கார்வேன்.

அந்த ஆயாவின் வீட்டில்தான் இன்னொரு கதையும் நடந்துகொண்டிருக்கிறது. அதைச் சொல்லத்தான் இத்தனை தூரம் உங்களைக் கூட்டிவந்தேன்.

ஆயாவின் மகள்தான் எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவருகிறவர். முன்பெல்லாம் நெற்றியில் பெரிய குங்குமப் பொட்டு, தலையில் கனகாம்பரம், கையில் ரப்பர் வளையலோடு ஒரு ஜோடி கண்ணாடி வளையல். எட்டு வருஷம் முன்னால் ஒரு நாள் பார்க்கிறேன், நெற்றி வெறிச்சென்றிருக்கிறது. பதறிப்போய், “என்னம்மா, வீட்டுக்காரர் நல்லா இருக்காரா?” என்று கேட்டுவிட்டேன். “ஐயோ, அதெல்லாம் ஒண்ணுமில்லக்கா. சபைக்குப் போறேன். ஞானஸ்நானம் எடுத்துட்டேன்” என்றார்.

பிறந்ததும் கோயிலில் ஞானஸ்நானம் வாங்கினவர். பத்து வயசில் வெள்ளை கவுன் போட்டுப் புது நன்மை வாங்கினவர். மறுபடி என்ன ஞானஸ்நானம்? பெந்தகொஸ்தே சபைகளில் குழந்தைக்குத் தண்ணீர் ஊற்றுவது கணக்கில் சேராது. வயசு வந்து, தானே விரும்பி, தண்ணீரில் முழுசாக முழுகி எழ வேண்டும். பொட்டு, பூ, நகை கூடாது என்கிற சபைகள் நிறைய. சுரூபம் வைத்து வணங்கக் கூடாது. மாதாவிடம் வேண்டிக்கொள்ளக் கூடாது. ஆயாவின் வீட்டு அலமாரியில் நாற்பது வருஷமாக நிற்கிற மாதா சுரூபத்துக்கு மகள் எண்ணெய் விளக்கு ஏற்ற மாட்டேன் என்றதில்தான் முதல் சண்டை.

மதமாற்றம் என்றாலே ஹிந்துக்கள் கிறிஸ்துவர் ஆவது என்றுதான் நமக்கு நினைப்பு வரும். இங்கே சத்தமில்லாமல் நடப்பது கோயிலிலிருந்து சபைக்குப் போவது. தென்னமெரிக்காவில் பிரேசில் மாதிரி பழைய கத்தோலிக்க தேசங்களிலேயே இது பெரிய அளவில் நடந்திருக்கிறது என்கிறார்கள். நம் பக்கத்தில் கண்ணால் பார்க்க வேண்டுமானால் சின்னமலைக்குப் போங்கள். சைதாப்பேட்டை அடையாற்றுப் பாலத்துக்குப் பக்கத்தில், தோமையார் ஒளிந்திருந்ததாகச் சொல்லும் குகை, 1551-ல் கட்டிய ஆரோக்கிய மாதா கோயில். அதே வட்டாரத்தில் பாஸ்டர் மோகன் 1973-ல் ஆரம்பித்த புது வாழ்வு ஏ.ஜி. சபை. விரல் விட்டு எண்ணக்கூடிய பேரோடு தொடங்கியது, இன்று ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் பல ஆராதனை நடத்தியும் இடம் போதவில்லை. மந்தைவெளிப் பக்கம் கிரீன்வேஸ் ரோடில், ஸ்டேட் பாங்கில் வேலை பார்த்த டி.ஜி.எஸ். தினகரன் ஏற்படுத்திய ‘இயேசு அழைக்கிறார்’ ஜெப கோபுரம் 1983-ல் வந்தது. ராத்திரி எந்நேரமும் போன் செய்தால் யாராவது நமக்காக ஜெபிப்பார்கள் என்பது அப்போது புதுசு. அவர் 2008-ல் காலமானார். அந்த ரோடின் ஒரு பகுதிக்கே அவர் பெயர் வைத்துவிட்டார்கள். கத்தோலிக்கக் குருவாக இருந்த பெர்க்மான்ஸே பெந்தகொஸ்தே வழிக்குப் போனார். அவருடைய பாட்டுக்கள் இன்று கத்தோலிக்க வீடுகளிலும் ஒலிக்கின்றன. ஆயாவே முணுமுணுக்கிறார், யார் பாட்டு என்று தெரியாமல்!

பெரிய சபைகளை விடுங்கள். குப்பத்துப் பக்கம் மாடி வீட்டு மொட்டை மாடியில் தகரக் கூரை போட்டு, ஐம்பது பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு கீபோர்டு, ஒரு மைக். வெள்ளிக்கிழமை காலை உபவாச ஜெபம். வருகிறவர்களில் முக்கால்வாசி பெண்கள். ஏன் போகிறார்கள் என்று மீன்காரம்மாவைக் கேட்டேன்.

“கோயில்ல எனக்கு யாரையும் தெரியாதுக்கா. பூசை முடிஞ்சா ஆளாளுக்குப் போய்டுவாங்க. இவரு குடிச்சிட்டு வந்து அடிப்பாரு. ராத்திரி பத்து மணிக்கு பாஸ்டரம்மாவுக்கு போன் போட்டேன். அரை மணியில நாலு பொம்பளைங்க வந்து எங்க வாசல்ல ஒக்காந்துக்கினாங்க. அன்னிக்கு அவரு கை ஓங்கலக்கா.”

புருஷன் குடியை நிறுத்தினாரா என்றால், பாதிதான். ஆனால் வாசலில் நாலு பெண்கள் உட்கார்ந்தது அவருக்கு மறக்கவில்லை. இன்னொன்றையும் நான் கண்ணால் பார்த்தேன். ஒரு வெள்ளிக்கிழமை அவர் கூப்பிட்டதற்காகப் போய் ஓரமாக உட்கார்ந்திருந்தேன். மைக் அவர் கைக்கு வந்தது. சாட்சி சொல்லணும். எழுதப் படிக்கத் தடுமாறுகிறவர், பத்து நிமிஷம் தங்குதடையில்லாமல் பேசினார். நடுநடுவே அத்தனை பேரும் ‘அல்லேலூயா’ என்றார்கள். ஐந்நூறு வருஷத்தில் அவர் குடும்பத்துப் பெண் ஒருத்தி பேசி நாற்பது பேர் கேட்டது அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

ஆனால் எல்லாம் இனிப்பு என்று சொல்ல மாட்டேன். அவருடைய மகள் பெரியவளானபோது ஆயா ஆசையாக ஒரு முழம் ஜாதிமல்லி வாங்கி வந்தார். அம்மாக்காரி வைக்க விடவில்லை. அந்தப் பெண் பூவையும் அம்மாவையும் பாட்டியையும் மாறி மாறிப் பார்த்தது என் கண்ணிலேயே நிற்கிறது. பெரியவர்கள் எந்த வழியில் போனாலும் போகட்டும், குழந்தையின் தலையில் பூ வைப்பதற்கு அவ்வளவு கெடுபிடி வேண்டுமா என்றுதான் எனக்குத் தோன்றியது. பொங்கலுக்கு நாங்கள் கொடுத்துவந்த சர்க்கரைப் பொங்கலையும் இப்போது வாங்குவதில்லை. “படைச்சதுக்கா, கோச்சுக்காதீங்க” என்பார். இப்போது படைப்பதற்கு முன்னாலேயே ஒரு கிண்ணம் தனியாக எடுத்து வைத்துவிடுகிறேன். அதை வாங்கிக்கொள்கிறார்.

கைக்குழந்தைக்காரிகளுக்கும், சர்க்கரை, பி.பி. இருக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. மருந்தே எடுக்கக் கூடாது என்று போதிக்கிற சபைகளும் சில உண்டு. என் ஸ்நேகிதி ஒருத்தி சாட்சி ஒன்றைக் கேட்டுவிட்டுச் சர்க்கரை மாத்திரையை நிறுத்தினாள். மூன்று மாதத்தில் கால் மரத்து, கட்டை விரலில் புண். அவளை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனதே அவள் போகும் சபையின் பாஸ்டரம்மாதான். “ஜெபம் பண்ணிட்டு மாத்திரையைப் போடு” என்று அதட்டினாராம். கால் பிழைத்தது. குழந்தைக்குப் போலியோ சொட்டு, அம்மைத் தடுப்பூசி விஷயத்திலும் இதேதான். கோயில், மசூதி, சபை எங்கே வேண்டுமானாலும் வேண்டிக்கொள்ளுங்கள், ஊசி போடும் தேதியைத் தள்ளாதீர்கள்.

சர்க்கார் காகிதம் என்று இன்னொரு சங்கடம் இருக்கிறது. பட்டியல் ஜாதியில் பிறந்தவர் கிறிஸ்துவர் ஆனால் அந்தச் சலுகை கிடையாது என்பது 1950-ம் வருஷத்து ஜனாதிபதி உத்தரவு. சீக்கியர்களை 1956-லும் பௌத்தர்களை 1990-லும் சேர்த்தார்கள், கிறிஸ்துவர்களையும் முஸ்லிம்களையும் சேர்க்கவில்லை. நம் மாநிலத்தில் அவர்களைப் பிற்பட்டோர் பட்டியலில் வைத்திருக்கிறார்கள். அதனால் சான்றிதழில் ஒரு பெயர், ஜெபத்தில் ஒரு பெயர் என்று வாழ்கிற குடும்பங்கள் உண்டு. புதுச்சேரியைச் சேர்ந்த ஒரு பெண் இந்தச் சான்றிதழுக்காக உச்ச நீதிமன்றம் வரை போனார். கோயிலுக்குப் போய்க் கிறிஸ்துவராக வாழ்ந்துகொண்டு வேலைக்காக மட்டும் ஹிந்து என்று சொல்ல முடியாது என்று 2024 நவம்பரில் தீர்ப்பானது. மதம் மாறினாலும் ஜாதி விடுகிறதா என்பது வேறு விஷயம். திருநெல்வேலிப் பக்கம் வடக்கன்குளத்தில் கோயிலுக்குள்ளேயே ஜாதிக்கு ஒரு பக்கம் என்று சுவர் இருந்து, அதை 1910-ல்தான் இடித்தார்கள். கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் என்று 2002-ல் நம் அரசாங்கம் கொண்டுவந்து, 2004-ல் திரும்ப எடுத்துக்கொண்டது. மீன்காரம்மாவுக்கு அப்படி ஒரு சட்டம் வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. அவரை யாரும் கட்டாயப்படுத்தவும் இல்லை, காசு கொடுக்கவும் இல்லை. மாதா மாதம் அவர்தான் சபைக்குத் தசமபாகம் கொடுக்கிறார், ஆயாவுக்கு அதில்தான் ஆத்திரம்!

பழைய கோயில்களும் சும்மா இல்லை. மாலை நேர ஜெபக் கூட்டம், கைதட்டிப் பாட்டு, குணமளிக்கும் ஆராதனை, வீட்டுக்கு வந்து ஜெபிக்கிற பெண்கள் குழு என்று கத்தோலிக்கத்திலும் வந்துவிட்டது. சாந்தோமில் நிலவறைக் கல்லறைச் சந்நிதிக்குப் போனால் சுவரோரம் முழங்காலிட்டு அழுகிற பெண்களை எந்நேரமும் பார்க்கலாம். பாதிப் பேர் நெற்றியில் விபூதி இருக்கும். நுழைவதற்குத் தனி வாசல், பின்பக்கம். அங்கே பேச்சுக் கூடாது, செல்போனை அணைத்துவிட்டுப் போங்கள். மேலே கண்ணாடி ஜன்னல்களில் வெயில் விழுகிற காலை நேரம்தான் பார்க்க அழகு.

ஆயாவுக்கு இப்போது ஒரே கவலை, தன் அடக்கத்தைப் பற்றியதுதான். அவர் வீட்டுக்காரரைப் புதைத்திருப்பது குயிபிள் ஐலண்ட் கல்லறையில், அடையாற்றுப் பக்கம். அதே குழியில்தான் தன்னையும் வைக்க வேண்டும், சாமியார் வந்து மந்திரிக்க வேண்டும், முப்பதாம் நாள் பூசை வைக்க வேண்டும். “இவ பண்ணுவாளா? செத்தவங்களுக்கு ஜெபமே கிடையாதுன்றாளே இவ சபையில” என்று என்னிடம் கேட்டார். நான் என்ன சொல்ல? மகளிடமே கேட்டேன். கூடையை இறக்கி வைத்துவிட்டு யோசித்தார். “நான் பூசைக்குக் காசு கட்டிடுவேன்க்கா. உள்ள போய் முட்டி போட மாட்டேன். வாசல்ல நிப்பேன்” என்றார்.

நவம்பர் 2 கல்லறைத் திருநாள். அன்றைக்கு அந்தப் பக்கம் சாமந்தியும் மெழுகுவத்தியும் மலை மலையாகக் குவியும், நடக்க இடம் இருக்காது. போன வருஷம் ஆயாவைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்தது மகள்தான். ஆயா பூப்போட்டு வத்தி ஏற்றினார். மகள் வத்தியைத் தொடவில்லை. ஆனால் அதற்கு முன்னால் இரண்டு குடம் தண்ணீர் சுமந்து வந்து, அப்பா கல்லறையைத் தென்னந்துடைப்பத்தால் தேய்த்துக் கழுவிவிட்டிருந்தார்.